ரூட்டரை மாற்றும் முன்: வீட்டு நெட் கோளாறைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கண்டுபிடிப்பது

போன ஐப்பசி மழையோடு எங்கள் வீட்டு நெட் படுத்துவிட்டது. தாம்பரம் பக்கம் மாடி வீடு. ஃபைபர் வந்து இறங்குவது கீழே ஹாலில், கம்ப்யூட்டர் இருப்பது மாடி அறையில், நடுவே சுவரோரமாக ஒரு லேன் கேபிள். பகலில் ஓடும், சாயங்காலம் திணறும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே எதிரில் இருப்பவர் முகம் அப்படியே நின்றுவிடும். கஸ்டமர் கேரில் கேட்டால், "மேடம், எங்க சைடு எல்லாம் ஓகே, உங்க சிஸ்டம்லதான் ப்ராப்ளம்." சர்வீஸ் கடையில் கேட்டால், "ரூட்டர் பழசாயிடுச்சு, விண்டோஸையும் ஒரு தடவை ஃபார்மட் பண்ணிடலாம்." புது ரூட்டர் 2,800 ரூபாய், யூஎஸ்பி வைஃபை 900, ஃபார்மட்டுக்கு 600. மொத்தம் 4,300 ரூபாய் போயும் நெட் அதேபோல்தான் விட்டு விட்டு வந்தது. மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற வேலை என்பதால் கட் ஆன நேரமெல்லாம் கைக்காசு. ஒரு கட்டத்தில் ஆத்திரம் போய் அழுகையே வந்தது, ஏனென்றால் யாரைக் கேட்டாலும் பொறுப்பை அடுத்தவர் தலையில் கட்டினார்களே தவிர, ஒருவர்கூட அளந்து பார்த்துச் சொல்லவில்லை.

உண்மையில் இருந்தது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. மாடிக்குப் போகும் லேன் கேபிளில் ஒன்று, தெருக்கம்பத்து ஃபைபரில் ஒன்று. இப்படி இரண்டு சேர்ந்து வரும்போதுதான் மக்கள் பணத்தை இழக்கிறார்கள். ஒன்றைத் தற்செயலாகச் சரிசெய்தாலும் மற்றது தொந்தரவு தந்துகொண்டே இருப்பதால், செய்தது சரியா தவறா என்றே தெரியாமல் அடுத்த பொருளை வாங்கப் போய்விடுவோம். இதற்கு ஒரே வழி, பாதையைத் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் கோளாறு என்று எண்ணாலும் நேரத்தாலும் காட்டுவது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நெட்வொர்க் கார்டும் விண்டோஸும் முதல் துண்டு. அங்கிருந்து ஹால் வரை வரும் கேபிள் அல்லது வைஃபை இரண்டாவது. எல்லாரும் மோடம் என்று சொல்கிற, ஃபைபர் சொருகியிருக்கும் பெட்டி மூன்றாவது. லைன்மேன்கள் அதை ஓஎன்டி அல்லது ஓஎன்யு என்பார்கள். அந்தப் பெட்டியிலிருந்து கம்பம் வழியாக நிறுவனம் வரை போகும் ஃபைபர் நான்காவது. அதற்கு அப்பால் உள்ளது ஐந்தாவது. இதைப் பார்க்கத் தேவையான கருவி எல்லாம் விண்டோஸிலேயே இருக்கிறது, காலணா செலவில்லை.

விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வரும் பெட்டியில் சிஎம்டி (cmd) என்று தட்டினால் கறுப்புத் திரை திறக்கும். முதலில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று கொடுங்கள். டீஃபால்ட் கேட்வே என்ற வரியில் இருப்பது உங்கள் பெட்டியின் முகவரி, பல வீடுகளில் 192.168.1.1. அதற்குச் சற்று மேலே ஐபிவி4 அட்ரஸ் என்ற வரியில் 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். பெட்டியிடமிருந்து கம்ப்யூட்டருக்கு முகவரியே வந்து சேரவில்லை, விண்டோஸ் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கோளாறு முதல் மூன்று துண்டுக்குள்தான், ஃபைபரைப் பற்றி இப்போது யோசிக்கவே வேண்டாம். முகவரி ஒழுங்காக இருந்தால் அடுத்து ட்ரேசர்ட் -டி 8.8.8.8 (tracert -d 8.8.8.8) கொடுங்கள். கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்குப் போகும் வழியில் உள்ள கருவிகளை இது வரிசையாகக் காட்டும். முதல் வரியில் உங்கள் பெட்டி வரும், இரண்டாவது வரியில் பெரும்பாலும் நிறுவனத்தின் முதல் கருவி வரும். அந்த இரண்டாவது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நடுவில் சில வரிகளில் வெறும் நட்சத்திரக் குறி வந்தால் பயப்பட வேண்டாம். அதற்குப் பின்னால் உள்ள வரிகளில் பதில் வந்தால், நடுவில் இருப்பவை பதில் சொல்லாதபடி அமைக்கப்பட்ட கருவிகள், அவ்வளவுதான்.

இப்போது மூன்று கறுப்புத் திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வையுங்கள். முதலாவதில் பிங் 192.168.1.1 -டி (ping 192.168.1.1 -t, உங்கள் கேட்வே எண் வேறென்றால் அது), இரண்டாவதில் குறித்துவைத்த நிறுவன எண், மூன்றாவதில் 8.8.8.8, எல்லாவற்றிலும் கடைசியில் -டி. பிங் என்பது ஒரு சின்னத் தகவலை அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்ப்பது, -டி போட்டால் நிறுத்தும்வரை ஓடும். கண்ட்ரோலோடு சி அழுத்தினால் நின்று, எத்தனை போயின, எத்தனை திரும்பவில்லை என்று கணக்குச் சொல்லும். நிறுவன எண் பிங்குக்குப் பதிலே தராவிட்டால் ட்ரேசர்ட்டின் அடுத்த வரி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நெட் போகும் நேரம்வரை மூன்றையும் ஓடவிடுங்கள். முதல் திரையே நின்றால் கோளாறு வீட்டுக்குள். முதலாவது ஓடிக்கொண்டிருக்க, பின்னிரண்டும் சேர்ந்து நின்றால் ஃபைபர் அல்லது நிறுவனம். முதலிரண்டும் ஓட, கடைசி மட்டும் நின்றால் நிறுவனத்தின் முதல் கருவிக்கு அப்பால், நம் கையில் ஒன்றும் இல்லை. மூன்றும் ஓடும்போதே இணையதளம் மட்டும் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை. எங்கள் வீட்டில் சில நேரம் முதல் திரை நின்றது, சில நேரம் அது நிற்காமல் பின்னிரண்டும் மட்டும் நின்றன. இரண்டு கோளாறு என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அத்தனை நாள் இருந்த குழப்பம் போய், அன்று எனக்கு மனசு லேசானது.

பிங் சொல்லும் பிழைச் செய்தியையும் கவனித்துப் படியுங்கள். பலர் எல்லாமே ஒன்று என்று நினைக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தைக் காட்டுகிறது. ஜெனரல் ஃபெயிலியர் என்றால் தகவல் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகவே இல்லை, கார்டையோ அதை இயக்கும் டிரைவர் மென்பொருளையோ பாதுகாப்பு மென்பொருளையோ பார்க்க வேண்டும். டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள் என்று உங்கள் கம்ப்யூட்டரின் சொந்த எண்ணிலிருந்தே பதில் வந்தால், பெட்டி வரைகூடப் போய்ச் சேர முடியவில்லை. ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட் என்றால் கிளம்பிப் போனது, பதில் திரும்பவில்லை. பெயரைக் கொடுத்துப் பிங் செய்யும்போது குட் நாட் ஃபைண்ட் ஹோஸ்ட் என்றால் டிஎன்எஸ் வேலை செய்யவில்லை. நேரத்தையும் பாருங்கள். கேபிளில் சொந்தப் பெட்டிக்கு 1 மில்லி செகண்டுக்குள் பதில் வர வேண்டும், வைஃபையில் சில மில்லி செகண்ட் ஆகலாம். சொந்தப் பெட்டிக்கே நூற்றுக்கணக்கில் ஏறி இறங்கினால் வைஃபை நெரிசல்.

பிங் திரையில் மணி தெரியாது. அதற்கு ஈவென்ட் வியூவர் இருக்கிறது. ஸ்டார்ட்டில் அந்தப் பெயரைத் தேடித் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம். இன்டெல் நெட்வொர்க் கார்டு என்றால் 27 என்ற எண்ணோடு நெட்வொர்க் லிங்க் டிஸ்கனெக்டட் என்றும், 32 என்ற எண்ணோடு லிங்க் மறுபடி வந்தது என்றும் மணி, நிமிடத்தோடு பதிவாகியிருக்கும். வேறு கார்டுகளில் எண் மாறும், வாசகம் ஏறக்குறைய இதேதான். லேன் கேபிளில் கோளாறா என்ற கேள்விக்கு இதைவிட நேரடியான பதில் கிடையாது. கேபிளைக் கழற்றாமலே லிங்க் போய் வந்திருக்கிறது என்றால் கேபிள், அதன் முனை, சொருகும் துளை, கார்டு ஆகிய நான்கில் ஒன்று. பெட்டி ஆஃப் ஆகி ஆன் ஆனாலும் இதே பதிவு வரும் என்பதால், அந்த நேரத்தில் கரண்ட் போனதா என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளுங்கள். கடையில் ஃபார்மட் செய்தால் இந்தப் பதிவெல்லாம் அழிந்துவிடும். ஃபார்மட் பண்ணலாம் என்று யாராவது சொன்னால் முதலில் இதைத் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

லேன் கேபிளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் யாரும் சந்தேகப்படுவதில்லை. கேபிளுக்குள் எட்டு கம்பி, நான்கு ஜோடியாக முறுக்கியிருக்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு இரண்டு ஜோடி போதும், முனைக்குள் 1, 2, 3, 6 என்ற இடங்களில் இருப்பவை. 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். இரு பக்கக் கருவிகளும் எந்த வேகத்தில் பேசலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்வது இந்த இரண்டு ஜோடியில்தான். அதனால் மற்ற இரண்டான நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி அறுந்திருந்தால், 1000 என்று ஒப்புக்கொண்டுவிட்டு, பேசத் தொடங்கும்போது முடியாமல் லிங்க்கை விடும், மறுபடி எடுக்கும், மறுபடி விடும். சில கார்டுகள் சில முயற்சிக்குப் பிறகு தாமாக 100க்கு இறங்கிவிடும். கம்பி முழுதாக அறுபடாமல் நுனியில் தொட்டும் தொடாமலும் இருந்தால் இந்த இரண்டும் மாறி மாறி நடக்கும். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க், ஈதர்நெட் என்று போனால் லிங்க் ஸ்பீடு என்று ஒரு வரி இருக்கும். உங்கள் கார்டும் பெட்டியும் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வகை என்றால் அங்கே 1000/1000 வர வேண்டும், 100/100 என்றிருந்தால் கேபிளைச் சந்தேகியுங்கள். இன்னொரு அடையாளம், 150 அல்லது 200 எம்பிபிஎஸ் பிளானில் ஸ்பீடு டெஸ்ட் எப்போது எடுத்தாலும் 93, 94, 95 என்று அங்கேயே முட்டி நிற்கும். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் கைக்கு வருவது அவ்வளவுதான்.

எங்கள் கேபிளை முனையில் வெட்டி, கம்பியின் மேல்பூச்சைக் கத்தியால் லேசாகச் சுரண்டியபோது செம்பு நிறம் போய் உள்ளே வெள்ளியாக மின்னியது. அலுமினியக் கம்பி மேல் செம்பு முலாம். கடையில் சிசிஏ என்பார்கள். விலை குறைவு என்பதால் வீடு கட்டும்போது எலெக்ட்ரீஷியன்கள் இதைத்தான் அதிகம் இழுத்துவிடுகிறார்கள். அலுமினியத்துக்கு மின்தடை செம்பைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல், அதோடு இரண்டு தடவை மடக்கினால் உள்ளுக்குள் விட்டுவிடும். வாங்கும்போது முழுச் செம்பு, கேட் 6 என்று கேட்டு, கடையிலேயே ஒரு கம்பியைச் சுரண்டிக் காட்டச் சொல்லுங்கள், நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடைகளில் ஆர்ஜே 45 என்கிற லேன் முனைகளும், அவற்றை அழுத்திப் பொருத்தும் கிரிம்பிங் டூலும் மலிவாகக் கிடைக்கும். முனை போடும்போது இரு பக்கமும் ஒரே வரிசை இருக்க வேண்டும். கிளிப் கீழ்ப்பக்கமாக இருக்க, இடமிருந்து வலமாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. நீலம் நடுவில் வந்து பச்சையைப் பிரிப்பதைப் பார்த்துப் பலர் குழம்பி, பச்சை இரண்டையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், ஆனால் வேகம் வராது, ஏனென்றால் 3ஆம் இடத்துக் கம்பியும் 6ஆம் இடத்துக் கம்பியும் ஒரே முறுக்கு ஜோடியாக இருக்க வேண்டும். முறுக்கைப் பிரிக்கும் நீளம் 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. வெளி உறையும் முனைக்குள் நுழைந்து கிரிம்ப் ஆக வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு இழுப்பும் மெல்லிய கம்பியின் மேல்தான் விழும். டெஸ்டர் கையில் இல்லையா, கம்ப்யூட்டரையே கீழே ஹாலுக்குத் தூக்கிப் போய், பெட்டியோடு வந்த சின்ன கேபிளில் இணைத்துப் பாருங்கள். லிங்க் 1000 வந்து நிலையாக நின்றால் மாடிக் கேபிள்தான் குற்றவாளி. எனக்கு இந்தத் துண்டைச் சரிசெய்ய ஆன செலவு, கேபிள், முனை எல்லாம் சேர்த்து 650 ரூபாய்.

வைஃபையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கோளாறு தேடும் நேரத்தில் வைஃபையை நம்பவே கூடாது, எல்லாச் சோதனையும் கேபிளில்தான். கேபிளில் சரியாக இருந்து வைஃபையில் மட்டும் திணறினால், 2.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5க்கு மாறுங்கள். 2.4இலேயே இருந்தாக வேண்டும் என்றால் சேனல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றை வையுங்கள், மற்றவை பக்கத்துச் சேனலோடு மோதும். யூஎஸ்பி வைஃபை போட்டிருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: யூஎஸ்பி 3.0 துளையும் அதில் சொருகிய ஹார்ட் டிஸ்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியிலேயே இரைச்சலைக் கிளப்பும். இதை இன்டெல் நிறுவனமே 2012இல் ஆய்வறிக்கையாக வெளியிட்டது. ஒரு மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் அதைத் தள்ளி வைத்தாலே பல வீடுகளில் சரியாகிவிடும். நிர்வாகி அனுமதியோடு திறந்த கறுப்புத் திரையில் நெட்எஸ்ஹெச் வ்லேன் ஷோ வ்லேன்ரிப்போர்ட் (netsh wlan show wlanreport) என்ற கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால், கடந்த மூன்று நாளில் வைஃபை எப்போது விட்டது, ஏன் விட்டது என்று ஒரு பக்க அறிக்கை கிடைக்கும்.

விண்டோஸில் பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை. டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் கார்டின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சப்படுத்த இந்தக் கருவியை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கொஞ்ச நேரம் சும்மா விட்டுவிட்டு வந்தால் மட்டும் நெட் இல்லை என்பவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். கீழ் மூலையில் உலக உருண்டை வந்து நோ இன்டர்நெட் என்று காட்டினாலும் உடனே நம்பாதீர்கள். விண்டோஸ் மைக்ரோசாஃப்ட்டின் ஒரு சோதனை முகவரியைத் தொட்டுப் பார்த்துதான் அதைச் சொல்கிறது. விபிஎன்னோ டிஎன்எஸ் வடிகட்டியோ அதை மட்டும் தடுத்தால் நெட் இருக்கும்போதே உருண்டை வரும். பழைய கம்ப்யூட்டரில் எல்லா இணையதளமும் பாதுகாப்பற்றது என்று மறுத்தால் தேதியைப் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பேட்டரி தீர்ந்து தேதி பல வருடம் பின்னால் போயிருந்தால் சான்றிதழ் எதுவும் செல்லாது. அந்தப் பேட்டரி ஐம்பது ரூபாய்க்குள் முடியும் வேலை. பெயர் மட்டும் கிடைக்கவில்லை என்றால் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் (ipconfig /flushdns) கொடுத்துவிட்டு, டிஎன்எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பாருங்கள். சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன என்றால் பாக்கெட் அளவு காரணமாக இருக்கலாம். பயனர் பெயர், பாஸ்வேர்டு கேட்கும் பிபிபிஓஇ இணைப்பில் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1492. பிங் 8.8.8.8 -எஃப் -எல் 1464 (ping 8.8.8.8 -f -l 1464) போய்வர வேண்டும், 1465 மறுக்கப்பட வேண்டும். 1464கூடப் போகவில்லை என்றால் பெட்டியில் எம்டியுவைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இனி ஃபைபர். நிறுவனத்தார் வாயைத் திறக்காத இடம் இதுதான், ஆனால் எண் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பிரவுசரில் 192.168.1.1 போட்டு, பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் உள்ள பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போங்கள். ஸ்டேட்டஸ், பிறகு பான் (PON) அல்லது ஆப்டிக்கல் என்ற பக்கம். அங்கே ஆர்எக்ஸ் பவர் என்று மைனஸில் ஒரு எண் டிபிஎம் என்ற அலகில் இருக்கும். வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவு அது. பரவலாக உள்ள ஜிபான் (GPON) வகை ஃபைபர் பெட்டிகள் மைனஸ் 8இலிருந்து மைனஸ் 27 வரை தாங்கும். மைனஸ் 15இலிருந்து மைனஸ் 24க்குள் இருந்தால் நிம்மதி. 27ஐத் தாண்டினால் விட்டு விட்டுத்தான் வரும். எண் 3 குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்கு. எவ்வளவு வர வேண்டும் என்று நாமே தோராயமாகப் போடலாம்: நிறுவனத்தின் முனையிலிருந்து ப்ளஸ் 3 கிளம்புகிறது என்று வைத்தால், 32 வீட்டுக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரில் சுமார் 17 போகும், மூன்று கிலோமீட்டர் ஃபைபரில் 1, இணைப்புகளில் 2, ஆக மைனஸ் 17 அல்லது 18 வர வேண்டும். எங்கள் பெட்டியில் மழை இல்லாத பகலில் மைனஸ் 25.8, மழை பெய்த இரவில் மைனஸ் 28.6. கஸ்டமர் கேர் சொன்ன எல்லாம் ஓகே என்ற பதிலின் லட்சணம் இது. அந்த எண்ணைப் பார்த்ததும் வந்த கோபத்தை இன்னும் மறக்கவில்லை.

லைன்மேன் தம்பி நல்லவர். எண்ணைக் காட்டியதும் வாதாடவில்லை, ஏணியோடு கம்பத்துக்குப் போனார். ஜாயின்ட் பாக்ஸைத் திறந்ததும் அரை டம்ளர் தண்ணீர் கொட்டியது. மூடியின் ரப்பர் வளையமே இல்லை, உள்ளே ஃபைபர் முனைகள் கறுப்பு டேப்பில் சுற்றிக் கிடந்தன. வெட்டி, புதிதாக ஸ்ப்ளைஸ் போட்டு, அதாவது இரு முனைகளையும் மறுபடி இணைத்து, பாக்ஸையும் மாற்றினார். "மேடம், உள்ள வர்ற வயரையும் பாருங்க" என்று சொல்லி ஜன்னல் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஆணி கிளிப் ஃபைபரை அழுத்திக்கொண்டிருந்தது. வீட்டுக்குள் ஓடும் நல்ல ஃபைபருக்கே 7.5 முதல் 10 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக வளைவு கூடாது, பழைய வகைக்கு 30. பீரோவுக்குப் பின்னால் நசுங்கியது, கதவிடுக்கில் மாட்டியது, அணில் கடித்தது எல்லாம் இதே வேலையைச் செய்யும். வளைவு 1490 நானோமீட்டர் அலைநீள ஒளியை 1310ஐவிட அதிகமாகக் கசியவிடும். நமக்கு வருவது 1490, நாம் அனுப்புவது 1310. அதனால் லைன்மேனிடம் ஒளி அளக்கும் மீட்டரை 1490இல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். முனையின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது, நீலம் நேரானது. பச்சையை நீலத் துளையில் சொருகினால் இடைவெளி விழுந்து ஒளி நிறைய வீணாகும். முனையை விரலால் தொடாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். ஒளி போகும் மையம் 9 மைக்ரான்தான், தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது, ஒரு தூசி போதும். முனைக்குள் கண்ணை வைத்தும் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். வேலை முடிந்தபின் எண் மைனஸ் 20.4க்கு வந்தது, அடுத்த மழையிலும் அசையவில்லை.

பெட்டி தானாக ஆஃப் ஆகி ஆன் ஆகிறது என்றால் அது வேறு கதை. அடாப்டரில் 12 வோல்ட் 1 ஆம்பியர் என்றோ 1.5 என்றோ எழுதியிருக்கும், வயதானால் பளு ஏறும்போது வோல்டேஜ் இறங்கும். மாற்றும்போது வோல்ட் அதேதான் இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ அதிகமோ இருக்கலாம். எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, பான் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தால் ஒளி வந்தும் நிறுவனத்தின் கருவியோடு பதிவாகவில்லை. புகார் சொல்லும்போது நெட் ஸ்லோ என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க என்ற பதில்தான் வரும். கேபிளில் இணைத்துச் சொந்தப் பெட்டிக்கு இழப்பு இல்லை, உங்கள் முதல் கருவிக்கு இத்தனை சதவீத இழப்பு, ஆர்எக்ஸ் பவர் இவ்வளவு, எனக்கு ஃபீல்ட் ஆள் வேண்டும் என்று சொல்லுங்கள். திரையைப் படம் எடுத்து அனுப்புங்கள். டாக்கெட் எண், அதாவது புகார் எண், வாங்காமல் போனை வைக்காதீர்கள், ஏனென்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறைப்படி அந்தப் புகாரில் தீர்வு இல்லாவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், கட்டணம் கிடையாது, 39 நாளுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். தனி ஆள் புகாரை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை, அதனால் அங்கே எழுதி நாளை வீணாக்க வேண்டாம். சேவை இல்லாத நாட்களுக்குச் சந்தாவில் கழித்துத் தரும்படியும் அதே டாக்கெட்டில் கேளுங்கள். எனக்குக் கழித்தார்கள்.

வாங்கிய ரூட்டரைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று கிடந்தால் மாடியில் ஆக்சஸ் பாயின்ட்டாக, அதாவது கீழே வரும் நெட்டை அங்கே வைஃபையாகப் பரப்பும் கருவியாக, வைத்துக்கொள்ளலாம். கம்ப்யூட்டரை அதில் மட்டும் இணைத்து அதன் பக்கத்துக்குள் போய், ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றுங்கள், முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி (DHCP) சர்வரை ஆஃப் செய்யுங்கள், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கீழே உள்ளதைப் போலவே வைத்து, சேனலை மட்டும் வேறாக்குங்கள். ஹாலிலிருந்து வரும் கேபிளை நீல அல்லது வேறு நிறத்தில் இருக்கும் வான் (WAN) துளையில் சொருகாமல், சாதாரண லேன் துளையில் சொருகுங்கள். வான் துளையில் போட்டால் இரண்டு ரூட்டர் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும், மாடியில் இருந்து கீழே உள்ள பிரின்டர் தெரியாது, சில விளையாட்டுகளும் அழைப்புகளும் தகராறு செய்யும். சில ரூட்டர்களில் ஏபி மோட் என்று ஒரே பட்டனில் இதெல்லாம் நடக்கும். அப்படி இருந்தால் அதை அழுத்தினால் போதும், கேபிளை எந்தத் துளையில் போட வேண்டும் என்பதை மட்டும் அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.